கையெட்டும் தூரத்தில் ஒரு கழுத்து

— இதோ, இன்னொண்ணு. ஒப்பனைக் கண்ணாடி ஓரத்துல செருகியிருந்துச்சு. நீங்களே படிங்க மாஸ்ட்ரோ.

— "இன்னைக்கு மதியம் நடக்கப்போறது நடிப்பு இல்லை, நிவெஸ்." ம். பென்சில் எழுத்து. எவனோ விளையாடுறான்.

— மூணு காட்சி, மூணு சீட்டு. இதுவா விளையாட்டு? இந்த அறைப் பக்கம் என் பழைய புருஷன் அட்டீலியோவைத் தவிர வேற யாரு வர்றா? ஜெம்மாக்கா, நீங்க சொல்லுங்க.

— என் வாயைக் கிளறாத கண்ணு. முதல் ஒத்திகையிலயே சொன்னேன், பிரிஞ்சு போன புருஷன் பொண்டாட்டியை ஒரே கட்டில்ல உக்கார வெச்சு இந்த ஓபராவைப் போடாதீங்கன்னு. திரை தூக்குறவ பேச்சை இந்தப் பெரிய மனுஷர் எங்க கேட்டாரு?

— ஜெம்மா, நூத்திருபது பேர் கோரஸ், நாலு குதிரை, பித்தளை வாத்தியக் கூட்டம், ஊர்வலம். இதையெல்லாம் தூக்கிப் போட்டா இந்த ஓபராவுல மிச்சம் என்ன? ஒரு படுக்கையறை. பொண்டாட்டியைச் சந்தேகப்படுற ஒரு பிரபு. கடைசியில அவன் கையால கழுத்து நெரிபட்டுச் சாகற பொண்டாட்டி. ஒரே ஒரு பியானோ. நாப்பது நாற்காலி. அவ கழுத்துக்கும் முதல் வரிசைக்கும் கையெட்டுற தூரம். இந்தப் பார்மா ஊர்ல இதுக்கு முன்னாடி இப்படி யாரு பண்ணியிருக்கா?

— கையெட்டுற தூரத்துல இருக்கறது என் கழுத்து மாஸ்ட்ரோ. உங்களுது இல்ல.

— நிவெஸ், உக்காரு. தண்ணி குடி.

— பெரிய தியேட்டர்ல சுத்தியும் கோரஸ் நிக்கும். ஏதாவது ஆச்சுன்னா எவனாவது பார்ப்பான். இங்க அவரும் நானும் மட்டும். ஒத்திகையில குரலை அடக்கிக்கிட்டுப் பாடுவோம் இல்ல, அதே மாதிரி கழுத்தையும் சும்மா தொட்டுட்டு எடுப்பார். போன ஞாயித்துக்கிழமை காட்சியில அந்த விரல் நடுங்குச்சு. நடுங்குற அந்தக் கையை எனக்குத் தெரியும். நான் வீட்டை விட்டுக் கிளம்பின அன்னைக்கு மாடிப்படி முழுக்கத் தட்டு உடைச்ச கை அது.

— தட்டைத்தானே உடைச்சான். உன்னைத் தொட்டானா?

— இல்ல. இது வரைக்கும் இல்ல.

— கண்ணு, பேசாம வீட்டுக்குப் போ. தொண்டை கட்டிக்கிச்சுன்னு நான் அறிவிச்சுடறேன். வந்தவங்க முணுமுணுத்துக்கிட்டே எந்திரிச்சுப் போவாங்க, அவ்வளவுதான்.

— முடியாதுக்கா. முன் வரிசையில யாரு உக்காந்திருக்கான்னு பார்த்தீங்களா? பெரிய தியேட்டர் மேல்மாடத்து ஆளுங்க. மடியில ஸ்வரப் புத்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு, எங்க தப்பு வரும்னு காத்திருக்கற ஆளுங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி என் உச்ச ஸ்வரம் உடைஞ்சப்போ விசிலடிச்சு அனுப்பினது அவங்கதான். அப்புறம் இந்த ஊர்ல எவன் என்னைக் கூப்பிட்டான்? இன்னைக்கும் ஓடிப் போனா, மிச்ச வாழ்க்கை பூரா கல்யாண வீட்டுல பாடிக்கிட்டுத் திரிய வேண்டியதுதான்.

— சரி, ஒரு அடையாளம் வெச்சுக்கலாம். கடைசிப் பாட்டுல அவன் கை உன் கழுத்துக்கு வந்ததும் அந்த உச்ச ஸ்வரம் வருதில்ல? கை பட்ட உடனே ஏதாவது தப்பாத் தோணுச்சுன்னா, அதைப் பாடாத. கீழ் ஸ்வரத்துலயே நிறுத்திடு. மேல விளக்குச் சாவடியில நானும் ஜெம்மாவும் இருப்போம். அந்த நொடியே மொத்த விளக்கையும் போட்டுடறேன். ஆட்டம் நின்னுடும்.

— பாடலைன்னா விளக்கு.

— பாடிட்டா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

— அந்த ஸ்வரம் புத்தகத்துலயே கிடையாது மாஸ்ட்ரோ. எழுதினவர் எழுதலை. பாடினவங்க பாடிப் பாடிச் சேர்த்தது.

— அப்போ என்ன, விடுறது இன்னும் சுலபம்.

— ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு கண்ணு. மேடை ஏறுறவளுக்கு நம்ம வாழ்த்து இதுதான்: ஓநாய் வாய்க்குள்ள போயிட்டு வா. ம், பதில் சொல்லு. ஓநாய் சாகட்டும்னு சொல்லாம எவளும் என் மேடையில ஏறினதில்ல.

— சாகட்டும்.

— ஓநாயை விட்டுட்டியே.

— சாகட்டும்க்கா. நான் வர்றேன்.

— சாவடிக் கதவைச் சாத்து ஜெம்மா, கடைசிப் பாட்டு வரப்போகுது. இந்த ஜன்னல் கண்ணாடி வழியாவே மேடை பூரா தெரியுது. முதல் வரிசைக் கிழவியைப் பாரு, புத்தகத்தை மூடிட்டா. ஒரு மணி நேரமாப் பக்கமே புரட்டலை.

— அந்தம்மா ஊதாத் துண்டு போட்டுக்கிட்டு வந்துச்சு. வாசல்லயே உருவி வெச்சுட்டேன். ஊதா நுழைஞ்ச தியேட்டர் உருப்படாது.

— நீ திருந்த மாட்ட.

— அட்டீலியோ கட்டில்கிட்ட வந்துட்டாரு. மாஸ்ட்ரோ, தோளைப் பாருங்க. இங்க இருந்தே நடுக்கம் தெரியுது.

— நடுங்கட்டும். அதுதான் வேணும்.

— கையை வெச்சுட்டாரு. ஐயோ, அவ முகத்தைப் பாருங்க. முப்பது வருஷமா மேடையில செத்தவங்களைப் பார்த்திருக்கேன். எவ முகமும் இப்படி வெளுத்ததில்ல.

— பொறு. ஸ்வரம் இனிமேதான்.

— நான் விளக்கு விசைகிட்டப் போய் நின்னுக்கறேன்.

— இதோ. இதோ வருது. கேட்டியா? கண்ணாடி அதிருது. சொக்கத் தங்கம். பாடிட்டா ஜெம்மா. எல்லாம் நல்லா இருக்கு.

— ஒண்ணும் நல்லா இல்ல. உசிரே போனாலும் அவ அந்த ஸ்வரத்தை விட மாட்டா. அதுவும் மேல்மாடத்து ஆளுங்க முன்னாடி, அதுவும் ஒரு தடவை உடைஞ்சு போனவ. உங்களுக்கு இது தெரியாதா? தெரிஞ்சேதான் அந்த அடையாளத்தை வெச்சீங்க. நடுவுல விளக்கே போடக் கூடாதுன்னு வெச்சீங்க.

— விசையில இருந்து கையை எடு.

— தள்ளுங்க.

— கையை எடுன்னேன். அட்டீலியோ ஒண்ணும் பண்ண மாட்டான். அவளுக்கு வலிச்சிடுமோன்னு பயந்துதான் அவன் நடுங்குறான். நேத்துகூட வந்து, கழுத்துக்குப் பதிலா தோளைப் பிடிச்சுக்கட்டுமான்னு கெஞ்சினான். தட்டு உடைச்சதுக்கு இன்னும் வெட்கப்படுறவன் அவன்.

— அப்போ அந்தச் சீட்டெல்லாம் யாரு எழுதினது?

— கத்தாத, கீழ கேட்கும்.

— யாரு எழுதினது மாஸ்ட்ரோ?

— நான்தான். இடது கையால. முறைக்காத. ஆயிரத்தைந்நூறு பேர் உக்கார்ற தியேட்டர்ல பொய்ப் பயம் போதும். கையெட்டுற தூரத்துல அது பல்லிளிச்சுடும். அவகிட்டக் குரல் இருந்துச்சு, கண்ணுல பயம் இல்ல. நான் குடுத்தேன். ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, ஒரு பாட்டில் லாம்ப்ருஸ்கோ ஒயின் திறந்து, எல்லாத்தையும் சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தேன்.

— அட்டீலியோவுக்கு இது தெரியுமா?

— தெரிஞ்சா பாட வருவானா?

— அப்போ அவளைப் பொறுத்தவரைக்கும், இந்த நிமிஷம், அவர் அவளைக் கொல்லத்தான் கையை வெச்சிருக்காரு.

— அதான் ஜெம்மா நாடகம். பாரு, அவன் குனியுறான். அவ வலது கை ரவிக்கைக்குள்ள போகுது. இதை நான் சொல்லிக் குடுக்கவே இல்ல, தானா வருது. அற்புதம். என்ன, உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— முதல் மணி அடிச்சப்போ, தற்காப்புக்கு இருக்கட்டும்னு, பார்மிஜானோ பாலாடைக்கட்டி உடைக்கிற குட்டைக் கத்தியை அந்த ரவிக்கைக்குள்ள செருகி விட்டது நான்தான் மாஸ்ட்ரோ.