மரியாதைக்குக் கேக்காதீங்க

குடும்மா, குடு. ஒரு சுளை என்னத்துக்கு, பாதியாவே குடு. ஏன் முழிக்கிற? நான் மூணு தடவை வேணாம் வேணாம்னு சொல்லணும், நீ மூணு தடவை என் மேல ஆணைன்னு கெஞ்சணும், அப்புறம் மனசில்லாத மாதிரி வாங்கிக்கணும், அதானே? அந்தப் பழக்கத்த நான் விட்டாச்சு. யாராவது ஒண்ணு குடுத்தா, டக்குனு வாங்கிக்கிறேன். நல்ல ஆரஞ்சு.

மலையேத்தற இந்தத் தொங்குகூண்டு ஆடுதேன்னு கம்பியப் புடிக்காத. இந்தத் தூண் வர்றப்ப ஒரு குலுக்கு குலுக்கும், அவ்வளவுதான். ஆமா, வெளில மாட்டியிருக்கே நீலப் பலகை, அது என்னோடதுதான். ஏன், அறுபத்திரெண்டு வயசுக்காரி பனில சறுக்கக் கூடாதா?

தனியாவா? நல்லா கேட்ட. தெஹ்ரான்லேருந்து ரெண்டு வேன் நெறைய வந்திருக்கோம். என் பையன் பஹாதர், மருமக மாஹ்நுஷ், பேரப்புள்ளைங்க ரெட்டை, அவன் ஆபீஸ் சிநேகிதங்க, அவங்கவங்க குடும்பம். மாஹ்நுஷ் போன்ல, அத்தை, டீஸீன் பனிமலைக்குப் போறோம், நீங்களும் வாங்க, நீங்க இல்லாம எங்களுக்கு என்ன சந்தோஷம்னா. எத்தனை மணிக்குன்னு கேட்டேன். ஏ... ஏழு மணிக்கு அத்தைன்னு இழுத்தா. பாவம், ஐயோ நான் எதுக்கும்மா, நீங்க சின்னவங்க போயிட்டு வாங்கன்னு சொல்லுவேன்னு நெனச்சிருப்பா.

வந்தவளை என்ன பண்ணாங்க தெரியுமா? கீழ ஓட்டல்ல ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு, கால்ல கம்பளிய மூடி, அம்மா பையெல்லாம் பத்திரம்னுட்டு அவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க. நான் என்ன பை காக்கவா வந்தேன்? அந்தக் கம்பளியவே பை மேல போத்திட்டு, வாடகைக்கு பூட்ஸும் பலகையும் எடுத்துட்டு ஏறிட்டேன்.

இந்தா, போன்ல என் பையன்தான் கூப்பிடறான். அடிக்கட்டும். எடுக்க மாட்டேன்.

கோவமான்னா? கோவந்தான். போன நவ்ரூஸ் புது வருஷ விருந்துல, சொந்தம் பூரா உக்காந்திருக்கு, பஹாதர் எந்திரிச்சு, அம்மா இனிமே தனியா இருக்க வேணாம், என் வீடு உங்க வீடுன்னான். அத்தனை பேர் முன்னாடி நான் என்னத்த சொல்ல? உன் நிழல் கொறையாம இருக்கணும் கண்ணா, நீ சொன்னா சரின்னேன். நீயே சொல்லு, நம்ம ஊர்ல யாராவது அதைச் சம்மதம்னு எடுத்துக்குவாங்களா? மரியாதைக்குச் சொல்ற வார்த்தை. மறுபடி கேட்டிருக்கணும், தனியா வந்து கேட்டிருக்கணும். அவனுக்குத் தெரியாதா? தெரியும். அவனுக்கு அந்த ஒரு சரி போதும்.

அப்புறம் மடமடன்னு வேலை நடக்குது. துணி தொவைக்கிற மெஷின் பக்கத்துல எனக்கு ஒரு ரூம். ரெட்டைப் புள்ளைங்களப் பாத்துக்கணும், புள்ளை பாக்கற ஆயா வேற கெடைக்க மாட்டேங்கறாளாம். என் பேர்ல இருக்கிற வீட்ட வாங்க ஆளும் பாத்தாச்சு. யாருன்னு நெனக்கிற? எங்க ரெண்டாவது வேன்ல ஒரு கண்ணாடிக்காரர் வந்திருக்கார், அவர்தான். இன்னிக்கு மத்தியானச் சாப்பாட்டுல, கபாப் வந்ததும், எல்லார் முன்னாடியும் என்னையும் அவரையும் கை குலுக்க வெக்கப் போறான். கும்பல் நடுவுல அம்மா வாய் தொறக்க மாட்டாள்னு கணக்குப் போட்டிருக்கான். எனக்குப் பயமும் இருக்கும்மா, பொய் சொல்ல மாட்டேன். நாப்பது வருஷமா சரி சரின்னே பழகின வாய். அங்க உக்காந்தா திரும்பவும் சரின்னுருவேனோன்னு.

சறுக்க எப்பக் கத்துக்கிட்டேனா? ரெண்டு குளிர்காலமா சறுக்கறேன். பஹாதரோட அப்பா காலமாகி ஒரு வருஷம் வீட்டுல செவுத்தையே பாத்துட்டிருந்தேன். அப்புறம் ஒரு புதன்கிழமை இந்த மலைக்கு பஸ் ஏறினேன். பையன்கிட்ட தர்காவுக்குப் போறேன்னு சொல்லிட்டு வருவேன். அம்மாவுக்கு பக்தி முத்திருச்சுன்னு பஹாதர் ஊரெல்லாம் சொல்லியிருக்கான். பனிக்கண்ணாடி போட்ட எடம் வெள்ளையா, மத்த மொகம் வெயில்ல கருகிக் கெடக்கும். என்ன அத்தை இதுன்னா மாஹ்நுஷ். தர்கா முத்தத்துல நல்ல வெயில்னேன். மனுஷி நம்பிட்டா!

சிரி, சிரி.

சொல்லிக் குடுத்தவர் ஜஹான்கீர்னு ஒருத்தர். குழந்தைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவர், சம்சாரம் தவறிப்போச்சு. மொத நாள் பிளாஸ்க்கத் தொறந்து, டீ வேணுமான்னார். நான் பழக்க தோஷத்துல, ஐயோ வேணாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னேன். சரின்னுட்டு அவரே ஊத்திக் குடிச்சுட்டார்! குளிர்ல எனக்குப் பல்லு தந்தியடிக்குது. என்ன மனுஷன்டா இவன், மட்டு மரியாதை தெரியாதவன்னு திட்டிக்கிட்டே பஸ் ஏறினேன். அடுத்த வாரம், வேணுமான்னு வாயத் தொறக்கறதுக்குள்ள வேணும்னுட்டேன். அப்பதான் புரிஞ்சுது, அந்தாளு வேணாம்னா வேணாம்னும் வேணும்னா வேணும்னும் எடுத்துக்கற ஆளு. என் வாழ்க்கையில அப்படி ஒருத்தரை நான் பாத்ததே இல்ல.

எறங்கணும், பாத்து. மொதல்ல கால வெளிய வை. உன் பலகைய நான் எடுக்கறேன், நீ விழுந்துருவ. அதோ, கறுப்புத் தொப்பி, ரெண்டு கையையும் ஆட்டறாரே, அவர்தான். வாத்தியார்ன்னு சொல்லிக் கூப்பிட்டுறாத, கூச்சப்படுவார். போன வியாழக்கிழமை எங்க கல்யாணத்தப் பதிவு பண்ணியாச்சு. நேத்தே பெட்டி படுக்கையோட என் வீட்டுக்கு வந்துட்டார். இப்ப ரெண்டு பேருமா நேரா அந்தச் சாப்பாட்டு மேஜைக்குச் சறுக்கிட்டுப் போறோம். வீட்ட வாங்க வந்தவர்கிட்ட என்ன சொல்லணுமோ, இவர் பக்கத்துல நின்னு நானே சொல்லிக்கறேன். நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா, எனக்கு வழி விடு.