‘லுக் இன்டு’வுக்குப் பொருள் சொன்ன எழுத்தர்

அன்பின் உறைவிடமே! அடக்கத்தின் அணிகலனே! முப்பத்திரண்டு ஆண்டுகள் புதுவை மக்களின் மனுக்களுக்குப் பதில் வரைந்த மேல்நிலை எழுத்தர் அமலநாதன் ஐயா அவர்களே! பணிநிறைவு பெறும் தங்களைப் பாராட்ட வந்த நாங்கள், இந்த அவை அறியவேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறோம், பொறுத்தருள்க.

ஆங்கிலக் கடிதங்களை அழகுற வரைவதில் அமலநாதனுக்கு இணை அமலநாதனே. அவர் கை அதிகம் எழுதிய சொல் ‘லுக் இன்டு’. பார் என்பதும் உள்ளே என்பதும் கூடிப் பிறந்த சொல். குனிந்து உள்ளே எட்டிப் பார்ப்பது முதற்பொருள். துருவி ஆராய்வது அதிலிருந்து வளர்ந்த பொருள். நம் அலுவலகத்தில் மட்டும் அதற்கு வேறொரு பொருள் வழங்கியது: கோப்பைக் கட்டி வை.

ரெட்டியார்பாளையத்துத் தையல்காரர் கோவிந்தராசு, தம் தெருவில் பாதாளச் சாக்கடையின் மூடி உடைந்து கிடப்பதாக மூன்று முறை மனுக் கொடுத்தார். மூன்று முறையும் ‘லுக் இன்டு’ என்றே பதில் போனது. பத்தாண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை விலக்கி அனுப்பக் குழியருகே முழங்கால் வெள்ளத்தில் கம்போடு நின்றவர், கால் வழுக்கி அதற்குள்ளேயே போனார். மறுநாள்தான் உடல் கிடைத்தது.

காரியம் முடிந்து அவர் மனைவி வீராயி மூன்று கடிதங்களோடு அமலநாதனிடம் வந்தார்.

“இதுல என்னா சார் எழுதியிருக்கு?”

“உள்ள எட்டிப் பாக்கறோம்னு எழுதியிருக்கும்மா.”

“யாரு வந்து பாத்தீங்க?”

“யாரும் வரலம்மா. எழுதினது நான்தான்.”

வீராயி அழவில்லை. கடிதங்களை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விசாரணை வந்தது. நேரில் பார்வையிட்டதாக முன்தேதியிட்ட ஒரு குறிப்பை நீட்டினார் அன்றைய கண்காணிப்பாளர் பலராமன். “எல்லாரும் போட்டாச்சுய்யா, நீயும் ஒரு கையெழுத்து போட்டுடு.”

“அந்தம்மாகிட்ட யாரும் வரலன்னு சொல்லிட்டேன் சார்.”

விசாரணை அதிகாரி முன்னும் அதையே சொன்னார். ஏழு கையெழுத்துகளுக்கு எதிரே அவர் ஒருவர் சொல் எடுபடவில்லை. மற்றவர்கள் பார்த்து வந்து சொல்லியும் கோப்பை நகர்த்தாதவர் அவரே என்று முடிவாயிற்று. பதினோரு மாதம் பணியிடை நீக்கம். பதவி உயர்வு பிறகு வரவேயில்லை. திரும்பி வந்தபின், மனு எதுவானாலும் தம் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டே பதில் எழுதினார். அதனால் எவர் உயிராவது தப்பியதா, எங்களுக்குத் தெரியாது.

நேர்மையின் நெடுந்தூணே! அந்த ஏழு பேரில் நால்வர் இன்று இந்த மேடையில் நிற்கிறோம். அந்தத் தெருவில் நாங்கள் காலடி வைத்ததே இல்லை. தாங்கள் சுமந்த பழி எங்கள் பழி.

துணைவியார் புஷ்பமேரி அம்மையாரோடு நோயின்றி நெடுநாள் வாழ்க, ஐயா! தங்களிடம் மன்னிப்புக் கேட்டால் தாங்கள் தந்துவிடுவீர்கள், அதனால் கேட்கவில்லை. நாளைக் காலை வீராயி அம்மாள் வீட்டுக்குப் போகிறோம். அவர் கதவைத் திறப்பாரா, தெரியாது.

இங்ஙனம்,
வினோத்குமார், நபீசா, ஜெர்ரி, பாவா
மற்றும் அலுவலகத் தோழர்கள்
புதுச்சேரி