மூணு கல்லு மேல கொதிச்ச ஒலை

கொசுவத்தி தீரப்போவுது, கிட்ட வந்து குந்துங்க. இது நம்ம தோஸ்து அறிவோட மாமா கோதண்டத்துக்கு நடந்தது. ரெண்டாயிரத்து மூணுல.

சாயங்காலம் ஆறே முக்கா. எண்ணூரு தாண்டி அத்திப்பட்டு போற ரோடு. ஒரு பக்கம் முள்ளுக்காடு, இன்னொரு பக்கம் பைப்பு பொதைக்க நோண்டுன பள்ளம். ஈ காக்கா கெடையாது.

கோதண்டம் வியாசர்பாடி ஆளு. பள்ளத்துல ஊறுற தண்ணிய டீசல் மோட்டார் வெச்சி எறச்சிகினே இருக்கணும், அதான் வேலை. மோட்டார் நின்னா பள்ளம் ரொம்பி கரை சரிஞ்சிடும். பகல் ஷிப்டும் அவனே, ராத்திரி ஷிப்டும் அவனே. ஏற்கெனவே ஒரு வாட்டி தூங்கிட்டான். "இன்னொரு தபா கண்ண மூடுனா வூட்டுக்குப் போயிடு நைனா"ன்னு மேஸ்திரி செல்வம் சொல்லிட்டான்.

அன்னிக்கு மத்தியானம் பள்ளத்தோட அடில ஒரு எடம் தெரிஞ்சிது. வட்டமா கம்பு நட்ட ஓட்டைங்க. நடுவுல மூணு கல்லு, கறுத்த சாம்பலு, ஒடஞ்ச சட்டி, கல்லுலயே செதுக்குன கத்தி.

"இரும்பே தெரியாத காலத்து வூடு போல கீது," ன்னான் செல்வம். "வெளிய சொல்லாத மாமு. ஆராய்ச்சிக்காரங்க வந்தா வேலை நின்னுடும். காலைல பைப்ப எறக்கி மூடிடலாம்."

கோதண்டத்துக்கு ஒடம்புல தெம்பு இல்ல. பசி. வேற கல்லு தேட சலிப்பு. சாயங்காலம் செல்வம் கெளம்புனதும், அந்த மூணு கல்லு மேலயே குண்டான வெச்சி சோறு ஆக்கிட்டான்.

பைப்பு வேலைக்காரங்ககிட்ட ஒரு பழக்கம் கீது. அடுத்தவன் அடுப்புல ஆக்குனா, மொத கை சோறு அவனுக்கு. எவ்ளோ பசின்னாலும். கோதண்டம் சுத்திமுத்தி பாத்தான். "யாருக்குப்பா குடுக்கறது?" ன்னு தனக்குத்தானே சிரிச்சான். பருக்கை விடாம துன்னுட்டு, குண்டான கவுத்துட்டு, கரைமேல கெடந்த பைப்புக்குள்ள சாஞ்சான். சும்மா முதுகு சாய்க்கத்தான்...

முழிச்சப்போ சத்தமே இல்ல.

மோட்டார் நின்னுபோயி கீது. கை வெச்சான்... ஜில்லுனு கீது. எப்பவோ நின்னது. வேலை போச்சுன்னு நெனச்சான். அப்பதான் கேட்டுது, பள்ளத்துக்குள்ள இருந்து.

உஃப்... உஃப்...

அடுப்பு ஊதுற மூச்சு.

டார்ச் அடிச்சான். இந்நேரத்துக்கு கழுத்து மட்டும் தண்ணி ஏறி இருக்கணும். சொட்டு இல்ல. கரை ஓரமெல்லாம் கையால அள்ளி ஊத்துன ஈரம். கவுத்த குண்டான் நிமிந்து கல்லு மேல குந்திகினு கீது. கீழ நெருப்பு. ஒலை தளதளன்னு கொதிக்குது. உள்ள அரிசி இல்ல... வெறும் தண்ணி.

போடறதுக்கு அவன்கிட்ட ஒரு பிடி அரிசி கூட மிச்சம் இல்ல.

காலைல செல்வம் முதுகுல தட்டுனான். "தூங்காம பாத்துகின, சபாஷ்." பைப்ப எறக்குனாங்க, மண்ண தள்ளுனாங்க, வேலை முடிஞ்சிது. கோதண்டம் பஸ்ஸு புடிச்சி வூட்டுக்கு வந்து படுத்துட்டான்.

சாயங்காலம் வேலை முடிச்சி வந்த பொண்டாட்டி அம்மு எழுப்புனா. "இன்னாயா, நீயா ஒலை வெச்ச? பொங்கி ஊத்துது."

அவ பயந்துடுவாளோன்னு, "ஆமா" ன்னான்.

காலைல வந்ததும் காலி கேஸ் சிலிண்டர அடுப்புலேந்து கழட்டி வாசல்ல வெச்சது அவன்தான். அது இன்னும் வாசல்லயே கீது...