லெயோபார்ட் எண்ட சொல்

– விசாரணைப் பதிவில இப்ப கையெழுத்து வைக்காதேங்கோ, மூர்த்தி அண்ணை. பதினைஞ்சு நிமிச இடைவேளை கேட்டு உங்களை வெளியால கூட்டிவந்ததே அதுக்குத்தான்.

– வைச்சிட்டுப் போவம், பிள்ளை. எழுதினது எழுதினபடி கிடக்கட்டும்.

– அண்ணை, நான் உங்கட வக்கீல். இஞ்ச சுவிஸில, வின்டர்தூரில பிறந்தவள் எண்டாலும் எனக்குத் தமிழ் விளங்கும். முதுகுத் தழும்பைப் பற்றி அந்த அகதி விசாரணை அதிகாரி கேட்க, ‘வன்னிக் காட்டில புலி செய்தது’ எண்டு சொன்னனீங்கள். மொழிபெயர்க்கிறவர் சொல்லி, ஜெர்மன் பதிவில ‘லெயோபார்ட்’ எண்டு நிக்குது.

– சிறுத்தைதானே அது? எங்கட பக்கம் சிறுத்தையையும் புலி எண்டுதான் சொல்லுறது.

– ஓம், தெரியும். அந்தச் சொல்லே ஒரு குழப்பம்தான். லெயோ எண்டால் சிங்கம். பார்ட் எண்டால் புள்ளிப்புலி மாதிரி ஒண்டு. ரெண்டும் கூடிப் பிறந்த மிருகம் எண்டு அந்தக்காலத்து வெள்ளைக்காரர் நம்பி வைச்ச பேர். பள்ளிக்கூடத்தில லத்தீன் பாடத்தில படிச்சனான்.

– சிங்கமும் புலியும் கூடியோ? எங்கட நாட்டைக் காணாத ஆக்கள் போல.

– பகிடி விடாதேங்கோ, அண்ணை. அந்தச் சொல்லுக்குள்ள புலிகள் இயக்கம் இல்லை. காட்டு மிருகம் மட்டும்தான் இருக்கு. மிருகம் கீறினதுக்கு இஞ்ச அசூல் தஞ்சம் குடுக்க மாட்டினம். ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவினம்.

– மெல்லமாக் கதையும், பிள்ளை. கதவு திறந்து கிடக்கு.

– அவைக்குத் தமிழ் விளங்காது. மொழிபெயர்க்கிறவரும் கோப்பி எடுக்கப் போயிட்டார். சொல்லுங்கோ, அது நகம் பட்ட தழும்பில்லை, என்ன? டொக்டர் பார்த்திட்டு, காய்ச்சின கம்பி எண்டு எழுதியிருக்கிறார்.

– ...ஓம். கம்பிதான். இயக்கத்தின்ர சிறையில நாலு மாசம் இருந்தனான். முகம் மூடாமல்தான் ஒருத்தன் சூடு வைச்சவன். போன வருசம் அதை ஒரு பேப்பர்காரருக்குச் சொல்லிப்போட்டன். அண்டையில இருந்து ஊரில வீட்டுக்கு போன். வாய் திறந்தால் மனிசி பிள்ளையள் உயிரோட இருக்க மாட்டினமாம். வெளிநாட்டு நம்பர்.

– அப்ப ஏன் லெயோபார்ட் எண்டு வாசிக்கேக்க பேசாமல் இருந்தனீங்கள்?

– பயம், பிள்ளை.

– பயப்பிடாதேங்கோ, நான் பக்கத்தில இருக்கிறன். உள்ள போய் ஒரு வரி திருத்துவம். ‘புலி எண்டு சொன்னது இயக்கத்தை’ எண்டு. மொழிபெயர்க்கிறவர் தெரியாமல் விட்ட பிழைதானே.

– தெரியாமல் விடேல்லை. அந்தக் கம்பியைப் பிடிச்சவரே அவர்தான்.