தினமும் மதியம் வருகிற வாசகர்

காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்து காரைக்கால்மேட்டுக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும். அக்காவின் மடியில் காலி மீன்கூடை. பேச்சை வைத்துப் பார்த்தால், தம்பி பத்திரிகைகளுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதுகிறவர்; இப்போது இணையத்தில் வலைப்பதிவும் தொடங்கியிருக்கிறார்.

“தெனம் மதியம் இதே ஊர்லேருந்து ஒருத்தர் வந்து தொறந்து பாக்குறாருக்கா. ஒருநாள் தவறுனதில்ல. ஆனா நல்லாருக்குன்னோ நல்லால்லன்னோ ஒரு வார்த்தை எழுத மாட்டேங்குறாரு.”

“என்னத்தடா எழுதுறது? எல்லாம் கட்டம் கட்டமால்ல தெரியுது.”

தம்பி சட்டென்று திரும்பினார். “நீயா?”

“மார்க்கெட்டு முடிஞ்சு வர்ற வழியிலதானே அந்த பிரவுசிங் சென்டர் இருக்கு. அங்க உள்ள பொண்ணு தொறந்து குடுக்கும். மீன் வாடைக்கு யாரும் பக்கத்துல வர மாட்டாங்க. செத்த உக்காந்துட்டு வருவேன்.”

“அது பழைய பிரவுசர்க்கா. தமிழ் எழுத்து வராது, வெறுங்கட்டமாத்தான் காட்டும். ஒண்ணுமே படிக்க முடியாம எதுக்குக்கா தெனம் போன?”

“எத்தனை பேரு வந்தாங்கன்னு அடியில ஒரு நம்பர் ஓடும்னு சொன்னல்ல. அது ஏறாத அன்னிக்கு நீ சோத்தை அளைஞ்சுக்கிட்டே உக்காந்திருக்க.”

தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: “நாளைக்கு நானும் வர்றேன். அங்க புது பிரவுசர் போட்டுத் தர்றேன். எழுத்தெல்லாம் நல்லாத் தெரியும்.”

“அதெல்லாம் வேணாண்டா. படிச்சுப் பாத்து எனக்குப் பிடிக்காமப் போயிடுச்சுன்னா, அப்புறம் தெனம் யாரு வந்து தொறக்குறது?”