கல்யாணத் தேதித் தகராறும் சூட்டுக்கோல் சத்தமும்

பிளாங்கிட்டா கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தில், துணை ஷெரிஃப் ஆரின் மஹாலெக் முன்பாகக் கொடுக்கப்பட்டு அவரால் எழுதிக்கொள்ளப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் எவுலாலியா சமரிப்பா. வயது அறுபத்தெட்டு. தகப்பனார் காலஞ்சென்ற தியோஃபிலோ சமரிப்பா. பள்ளிக்கூடச் சமையலறையில் தலைமைச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். சான் ஏலியாஸ் ஊருக்குத் தெற்கே, பஞ்சாலைச் சாலையில் பச்சைத் தகரக் கூரை போட்ட வீட்டில் குடியிருக்கிறேன்.

மேற்படி வீட்டில் என்னுடன் ரெஃபுஹியோ காந்து என்பவரும் குடியிருக்கிறார். அவருக்கு வயது எழுபத்தொன்று. காற்றாடி பம்புகளும் கிணற்று மோட்டார்களும் பழுது பார்ப்பவர். ஊரில் அவரைக் கூக்கோ என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. நேற்று நீதிமன்றக் கட்டடத்தில் உண்டான சத்தத்துக்காகப் பண்ணைக்காரர் திரு. ஹாலிஸ் வென்ட் மீது புகார் எழுதப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது சரியல்ல என்பதால் யாரும் அழைக்காமல் நானாகவே வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

கடந்த குளிர்காலத்தில் கூக்கோவுக்கு நெஞ்சுவலி வந்து நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே மேஜையில் இருந்த பெண் என்னிடம் நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டாள். மனைவி என்றேன். அவள் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் பதிவில் இல்லை, இரத்த உறவு யாராவது வரட்டும் என்று சொன்னாள். அவருடைய அண்ணன் மகள் ஆம்பாரோ ஹூஸ்டனிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து சேரும்வரை நான் நடைபாதை நாற்காலியில் அவருடைய பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு அவருக்கு இதய அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லி, வருகிற வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

அதன் பிறகு ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது கூக்கோ, "ஏ கிழவி, பாதிரியாரக் கூப்பிட்டு கல்யாணத்த முடிச்சிருவோமா?" என்று கேட்டார். நான் மறுத்தேன். "இன்னைக்குக் கல்யாணம்னா, நேத்து வரைக்கும் உன் சட்டைக்குக் கஞ்சி போட்டவ யாரு? வாடகைக்கு வந்தவளா?" என்று கேட்டேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, நான் சொல்வதும் நியாயம்தான் என்றார். அதன் பிறகு ஆம்பாரோ விசாரித்து, சடங்கு செய்யாமலே கணவன் மனைவியாக வாழ்ந்தவர்கள் இன்ன தேதியிலிருந்து அப்படி வாழ்கிறோம் என்று கவுண்டிப் பதிவு அலுவலகத்தில் சத்தியம் செய்து பதிந்துகொள்ளலாம், அந்தத் தேதியிலிருந்தே அது கல்யாணமாகக் கணக்காகும் என்று தொலைபேசியில் சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது.

சம்பவத்தன்று, அதாவது நேற்று காலை, இருவரும் தேய்த்த உடை உடுத்தி நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள பதிவு அலுவலகத்துக்குப் போனோம். எங்களுக்குப் பின்னால் வரிசையில் திரு. வென்ட் நின்றார். அவர் தன் மாடுகளுக்குப் போடும் புதுச் சூட்டுக்குறியைப் பதிவு செய்வதற்காக வந்திருந்தார். குறியின் வடிவத்தைத் தாளில் வரைந்து காட்ட வராது என்பதால் சூட்டுக்கோலையே கையோடு கொண்டுவந்திருந்தார். அது காய்ச்சி மாட்டுக்குச் சூடு வைக்கிற நீளமான இரும்புக் கோல். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் இன்னும் சிலரும் இருந்தார்கள்.

பதிவு எழுத்தர் திருமதி மர்லீஸ் குபேனா எங்கள் அடையாள அட்டைகளைச் சரிபார்த்துவிட்டு, எந்தத் தேதியிலிருந்து கணவன் மனைவி என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். இருவர் சொன்னதும் வேறு வேறு. கூக்கோ பெரும் புயல் அடித்த ஆகஸ்ட் மாதம் என்றார். நான் அதற்கு இரண்டாவது வருஷம் ஜூன் மாதம் வந்த சான் ஹுவான் திருநாள் என்றேன்.

திருமதி குபேனா பேனாவை மூடிவிட்டார். இருவரும் ஒரே தேதி சொன்னால்தான் பதிய முடியும், ஒருவர் சொல்வது பொய்யானாலும் சத்தியம் தவறியதாகும் என்று விளக்கினார். மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்றார். இருவரும் கணவன் மனைவி என்று மனதால் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், வெளியாரிடம் அப்படிச் சொல்லியும் இருக்க வேண்டும்.

அதற்குக் கூக்கோ, பெரும் புயலில் தன் வண்டிவீடு போய்விட்டதாகவும், என் வீட்டுக் கிணற்று மோட்டாரைச் சரிசெய்ய வந்தவர் கூரை பறந்திருப்பதைப் பார்த்து அதையும் சரிசெய்யத் தங்கியதாகவும், அந்த வாரமே தன் சட்டை என் கொடியில் காய்ந்ததாகவும், அதைப் பார்த்தவுடனேயே இதுதான் தன் வீடு என்று முடிவு செய்துவிட்டதாகவும் சொன்னார்.

நான், "நீ மனசுக்குள்ள நெனச்சா எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வருஷமா ஊர்ல என்னைய என்னன்னு சொன்ன? 'இது லாலா'ன்னு சொன்ன. லாலான்னா யாரு? பூனைக்குட்டியா?" என்று கேட்டேன். லாலா என்பது என்னைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு நான் திருமதி குபேனாவிடம், ஆம்பாரோவின் ஞானஸ்நானத்தின்போது புகைப்படக்காரன் குடும்பத்தார் மட்டும் நில்லுங்கள் என்று சொன்னதையும், நான் விலகிப் போனதையும், கூக்கோ என் கையைப் பிடித்து இழுத்து, "என் பொண்டாட்டி இல்லாம என்னய்யா குடும்பப் படம்?" என்று கத்தியதையும் சொன்னேன். அன்று சான் ஹுவான் திருநாள். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து முதல் தடவையாக அன்றுதான் கேட்டேன் என்றும், அந்தத் தேதியை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

கூக்கோ தன் தேதியை விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப அந்த ரெண்டு வருஷம் நான் யாரு? கூரை ரிப்பேர்க்காரனா?" என்று கேட்டார். குழந்தையோடு இருந்த பெண் என் பக்கம் பேசினாள். ஆண்களில் சிலர் அவர் பக்கம் பேசினார்கள். திரு. வென்ட், "ரெண்டுக்கும் நடுவுல ஒரு தேதியப் போட்டு முடிங்கம்மா. அங்க என் கன்னுக்குட்டிங்க கிழடாயிரும் போல" என்றார். திருமதி குபேனா, "இது மாட்டுச் சந்தை இல்லைங்க, பேரம் பேச. சத்தியம்" என்றார். இதுவரை யாரும் யாரையும் தொடவில்லை, கெட்ட வார்த்தையும் பேசவில்லை.

அதன் பிறகு திருமதி குபேனா என்னைப் பார்த்து, "அவரு சொன்னது இருக்கட்டும்மா. நீங்க மொதமொதல்ல இவரு என் புருஷன்னு வெளியாளுகிட்ட சொன்னது எப்போ?" என்று கேட்டார்.

கூக்கோ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன கிழவி, பேச்சக் காணோம்?" என்று கேட்டார். அதன் பிறகு உண்மையைச் சொன்னேன். புயலுக்குப் பிறகு அந்த ஆகஸ்ட் மாதத்திலேயே, கூக்கோ கூரைமேல் தகரம் அடித்துக்கொண்டிருந்த ஒரு பகலில், மின்கம்பி இழுக்கிற கம்பெனி ஆள் ஒருவன் வாசலுக்கு வந்து, வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டான். நான், "என் புருஷன் கூரை மேல இருக்காரு, கூப்பிடட்டுமா?" என்று சொன்னேன். தனியாக இருக்கிற பெண் என்று தெரியக் கூடாது என்பதற்காகத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவன் போன பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொய் சொன்னால் எனக்குக் காது சுடும், சின்ன வயதிலிருந்தே அப்படி. அன்று இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. கூக்கோ சுத்தியல் சத்தத்தில் எதையும் கேட்கவில்லை, நானும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கூக்கோ தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நாப்பது வருஷமா இத வயித்துக்குள்ளயே வச்சிருந்தியா?" என்று கேட்டார். நீ கேட்கவில்லை என்றேன். அதன் பிறகு அவர் வரிசையில் நின்ற எல்லாரையும் திரும்பிப் பார்த்து, "அப்ப நான் ஆணி அடிச்சுக்கிட்டிருக்கும்போதே எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு! எனக்கே தெரியாம!" என்று உரக்கச் சொன்னார். திருமதி குபேனா என்னிடம், அப்படியானால் ஆகஸ்ட் மாதத் தேதியை எழுதட்டுமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். தகராறில் தோற்றது நான்தான் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். வருத்தம் இல்லை.

அதன் பிறகு கூக்கோ என்னை இடுப்பில் பிடித்து அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றினார். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன காரியம் அது. கூட்டம் கைதட்டியது. திரு. வென்ட் தாளத்துக்காகச் சூட்டுக்கோலைத் தரையில் மெதுவாகத் தட்டினார். திருமதி குபேனா பார்த்த பார்வையில் உடனே நிறுத்திவிட்டார். இதற்குமேல் அவர் எதுவும் செய்யவில்லை. நான்தான் சந்தோஷம் தாங்காமல் அவர் கையிலிருந்து கோலை வாங்கி, பழைய பத்திரங்கள் வைத்திருக்கும் இரும்பு அலமாரியின் பக்கவாட்டில் என் பலம் முழுவதையும் சேர்த்து அடித்தேன். பண்டிகைக்குச் சமைக்கிற பெரிய சட்டியைத் தூக்கிப் பழகிய கை என்பதால் அடி பலமாக விழுந்தது. துப்பாக்கி வெடித்த சத்தம் போலக் கேட்டது என்று சொல்வது உண்மை. குழந்தை அழவில்லை, சிரித்தது.

மேல்தளத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. புதிதாக வேலைக்கு வந்திருந்த காவலாளி சத்தம் கேட்டு ஓடிவந்து, அப்போது கோலைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்த திரு. வென்ட்டைப் பார்த்து, அபாய மணியை அழுத்திவிட்டார். அதன் பிறகு கட்டடத்தில் இருந்த எல்லாரும் வெளியேற்றப்பட்டுப் புல்வெளியில் நிறுத்தப்பட்டோம். ஜூரிகளும், கருப்பு அங்கியோடு நீதிபதி பெர்னிஸ் ஹாலோவே அவர்களும் வந்தார்கள். நீதிபதி கோபமாக, "யாரு சுட்டது?" என்று கேட்டார்.

கூக்கோ கையைத் தூக்கி, "யாரும் சுடலைங்கம்மா. எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு" என்றார்.

"எப்போ?"

"நாப்பது வருஷம் ஆச்சுங்க. தகவல் இப்பத்தான் வந்துச்சு."

ஜூரிகள் சிரித்துவிட்டார்கள். நீதிபதி சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். அதன் பிறகு திருமதி குபேனாவிடம் சத்தியம் வாங்கியாகிவிட்டதா என்று கேட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது என்று திருமதி குபேனா சொன்னார். எங்கள் தாள் அவர் கையில்தான் இருந்தது. "அப்ப இங்கயே வாங்கிருங்க. பாவம், ஜூரிங்க வெயில்ல நிக்கிறாங்க" என்று நீதிபதி சொன்னார். வாதுமை மரத்தடியில் வலதுகையை உயர்த்தி நானும் கூக்கோவும் சத்தியம் செய்தோம். நான் சொல்லும்போது குரல் சரியாக இருந்தது. கூக்கோவுக்குப் பாதியில் நின்றுவிட்டது, திருமதி குபேனா அவருக்காகக் காத்திருந்தார். அதன் பிறகு உள்ளே போக அனுமதி கிடைத்ததும் முத்திரை போட்டு முறைப்படி பதிவு செய்தார்கள். திரு. வென்ட்டின் கோலைப் பறிமுதல் செய்துவிட்டதால் அவருடைய பதிவு நடக்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(இந்த இடத்தில் எழுதுவது சற்று நிறுத்தப்பட்டது. வெளியே பெஞ்சில் காத்திருந்த ரெஃபுஹியோ காந்து, "உள்ள என் பொண்டாட்டி வாக்குமூலம் குடுத்துக்கிட்டிருக்கா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்ததால், குரலைக் குறைக்கும்படி அவருக்கு அறிவுறுத்தப்பட்டது.)

கேள்விக்குப் பதிலாகச் சொல்வது: அலமாரியில் விழுந்த பள்ளத்துக்கு நானே பொறுப்பு. வியாழக்கிழமை தவிர எந்த நாள் அழைத்தாலும் வருவேன். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே நான் இருக்க வேண்டும். மறுபடியும் இப்படிச் சத்தம் உண்டாக்குவேனா என்று கேட்கப்பட்டது. அவர் நல்லபடியாக எழுந்து வந்தால் என்ன செய்வேன் என்று இப்போதே உறுதி சொல்ல முடியாது.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது மட்டுமே இதில் இருக்கிறது, யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஒன்றையும் மறைக்கவில்லை என்று அறிந்து கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) எவுலாலியா சமரிப்பா

என் முன்பாக ஒப்பமிடப்பட்டது: ஆரின் மஹாலெக், துணை ஷெரிஃப்.

குறிப்பு: ரெஃபுஹியோ காந்து இதில் சாட்சியாகக் கையெழுத்திட முன்வந்தார். கணவர் என்பதால் அனுமதிக்கப்படவில்லை. காரணத்தை இன்னொரு முறை உரக்கச் சொல்லும்படி அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் மறுபடியும் சொல்லப்பட்டது.