உலர்ந்த கையுறைகள்

நீங்கள் கொண்டுவந்த ரொட்டி நன்றாகத்தான் இருக்கிறது, ரொசால்பா. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். போன வாரமும் அப்படித்தான் இருந்தது. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இரண்டாம் தடவையும் உப்பைப் போட்டுவிடுகிறீர்கள் என்று உங்கள் மகள் மரியேலா சொன்னாள். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறீர்களாம். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். உட்காருங்கள். வெல்லத் தண்ணீர் கொதித்துவிட்டது, பாலாடைக்கட்டி போட்டுத் தருகிறேன்.

நான் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க எனக்குத் தைரியம் வராது.

எங்கள் மாற்றுச் சந்தைக்கு நீங்கள் ஒரு தடவையும் வந்ததில்லை. சனிக்கிழமைக் காலையில் அடுப்பை விட்டு நகர முடியாது உங்களால். அதனால் அதிலிருந்து சொல்கிறேன். துயித்தாமாவில் சைக்கிள் பைத்தியம் பிடித்த நாங்கள் எல்லாரும் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை கோயில் மதிலோரம் கூடுவோம். காசு கைமாறாது. சக்கரத்துக்குக் காலணி, இருக்கைக்கு மழைச்சட்டை என்று பண்டமாற்றுதான். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. கொடுக்கிறவன் பொருளின் மேல் கையை வைத்து, அதை ஏன் கைவிடுகிறான் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். விழுந்ததா, விரிசல் கண்டதா, எதையும் மறைக்கக் கூடாது. வாங்குகிறவன் அந்தப் பேச்சை நம்பித்தான் பாராமோ மலைமேட்டிலிருந்து இறங்குகிறான். கை மாறியபின் கொடுத்தது கொடுத்ததுதான். திரும்பக் கேட்பது கேவலம்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயம், அங்கே வருகிற பொருளில் பாதி பயத்தால் வருவது. முட்டி வலி என்பான் ஒருவன், வீட்டில் திட்டுகிறாள் என்பான் இன்னொருவன். உண்மையில் ஏதோ ஒரு வளைவில் அவனுக்கு உயிர் தொண்டைவரை வந்து போயிருக்கும். பிறகு அந்தச் சைக்கிளைத் தொடவே மாட்டான். எங்களுக்கெல்லாம் இது தெரியும். தெரியாத மாதிரி தலையாட்டுவோம்.

என் பச்சைச் சைக்கிளும் அப்படி வந்ததுதான். அதன் இருக்கை மேல் கையை வைத்து, "முட்டி தாங்கல, இரும்பு கனமா இருக்கு" என்றேன். பொய். பாராமோவிலிருந்து இறங்கும்போது நனைந்த கையுறைக்குள் என் விரல்கள் செத்துப்போயின. சிலுவை வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பிடிக்கப் பார்த்தால் விரல் மடங்கவில்லை. இடது பக்கம் வேலியில் ஒரு திறப்பு இருந்தது. அதற்குள் புகுந்து புல்வெளியில் மாடுகளுக்கு நடுவே போய் விழுந்தேன். யாரும் பார்க்கவில்லை. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்ததும் குற்றம் முழுவதையும் பச்சையின் மேல் போட்டேன்.

உங்கள் அனிபால் தன்னுடைய கார்பன் சைக்கிளைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். இறகு மாதிரி இருக்கும் அது. சந்தையில் எல்லாரும் என்னைக் காட்டி, பிளினியோவுக்குத்தான் லாபம் என்றார்கள்.

அடுத்த ஞாயிறு அவர் பச்சையில் இறங்கியதைப் பின்னால் இருந்து பார்த்தேன். சொந்த வீட்டுக்குள் நடமாடுகிற மாதிரி ஒவ்வொரு வளைவிலும் புகுந்து வெளியே வந்தார். கீழே வந்ததும் ஹசிந்தோ, உங்களுக்குத்தான் அவன் வாயைத் தெரியுமே, ஆரம்பித்துவிட்டான்.

"பிளினியோ, இத்தனை வருஷமா அந்தச் சைக்கிளை ஜெயில்ல வச்சிருந்தீங்க போல. இப்பத்தான் வெளிய வந்து காத்து வாங்குது."

எல்லாரும் சிரித்தார்கள். அனிபாலும் சிரித்தார். பிறகு என் தோளில் கை போட்டு, "விடுங்க கொம்பாத்ரே. நீங்க பழக்கின சைக்கிள், அதான் இப்படி ஓடுது" என்றார். உங்கள் மகளுக்கு ஞானத்தந்தையாக நான் நின்ற நாளிலிருந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். ஹசிந்தோவின் கேலி அன்றே மறந்துபோனது. அனிபாலின் கை தோளில் இருந்த இடம்தான் எரிந்தது.

சைக்கிளைத் திரும்பக் கேட்க உங்கள் கடைக்கே வந்தேன். நீங்கள் உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தீர்கள். அவர் நான் விளையாடுவதாக நினைத்துவிட்டார்.

"கொடுத்தது கொடுத்ததுதான், கொம்பாத்ரே. அந்தக் கட்டுப்பாட்டை எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே?"

சொல்லிவிட்டுச் சூடாக ஒரு ரொட்டியை என் கையில் வைத்தார். தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். கேட்டால் தரமாட்டார், பயந்தால் தானாகவே கொண்டுவந்து தருவார் என்று வழியில் தோன்றியது. ஒரே ஒரு பயம் போதும். எனக்கு வந்ததே, அதேபோல. அதற்கு மேல் நான் எதையும் விரும்பவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

உலர்ந்த கையுறை விஷயம் உங்களுக்கே தெரியும். ஏறும்போது வேர்வையும் தூறலும் சேர்ந்து கையுறை ஊறிவிடும். அதோடு இறங்கினால் காற்று விரலைக் கொன்றுவிடும். அதனால் ஆளுக்கு ஒரு பை கட்டி, விடிகாலையில் பால் வண்டியில் ஏற்றிவிடுவோம். அது மேலே எலோயிசாவின் கடையில் இறக்கிவிட்டுப் போகும். பைகளைச் சேர்த்து வண்டியில் ஏற்றுவது முறை வைத்து ஒருவர் வேலை. அந்த வாரம் என் முறை.

அனிபாலின் பையை நீங்கள் கட்டியிருந்தீர்கள். காற்றுக்கு மறைப்பாகச் சட்டைக்குள் செருகிக்கொள்ளப் பழைய செய்தித்தாள், இலையில் சுற்றிய கொய்யா மிட்டாய், கையுறை. கையுறை இரண்டையும் சேர்த்துச் சிவப்புக் கம்பளி நூலால் முடிச்சுப் போட்டிருந்தீர்கள். அந்த முடிச்சைப் பார்த்ததும் பையை ஒரு தடவை மூடி வைத்தேன். ஆனாலும் எடுத்தேன். செய்தித்தாளையும் மிட்டாயையும் விட்டுவிட்டுக் கையுறையை மட்டும் எடுத்தேன். பை முழுவதும் காணாமல் போயிருந்தால் பால் வண்டிக்காரரைச் சந்தேகப்படுவார்கள். அவர் நல்ல மனிதர், ஒரு பாவமும் அறியாதவர்.

ஆமாம், ரொசால்பா. நீங்கள் மறக்கவில்லை. நீங்கள் எதையுமே மறக்கவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது நல்ல மூடுபனி. எலோயிசாவின் கடையில் அனிபால் பையைக் கவிழ்த்து உதறினார். மிட்டாய்தான் விழுந்தது.

"பாத்தீங்களா, எம் பொண்டாட்டிக்கு எம் மேல என்னமோ கோவம். மிட்டாய் வச்சிருக்கா, கையுறைய வைக்கல" என்றார் சிரித்துக்கொண்டே.

"மிட்டாயக் கையில மாட்டிக்கிட்டு எறங்குங்க" என்றான் ஹசிந்தோ.

எலோயிசா விறகு அடுப்பைக் காட்டினாள். "ஈரத்த அடுப்புக்கிட்ட காயப்போடுங்க. உக்காந்து ஒரு கிண்ணம் சூப்பு குடிங்க, அதுக்குள்ள காஞ்சிரும். யாரு உங்கள வெரட்டுறா?"

அனிபால் உட்காரத்தான் போனார். பாதி குனிந்துவிட்டார். அப்போதுதான் நான் சொன்னேன்.

"இந்தப் பச்சையில நான் வெறுங்கையோடவே எறங்கியிருக்கேன், கொம்பாத்ரே. அது எறங்குற வண்டி. ஆனா சைக்கிள் நல்லா இருந்தா மட்டும் போதாதுல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எல்லாருக்கும் முன்னால் அப்படிச் சொல்லிவிட்ட பிறகு எங்கள் கூட்டத்தில் எந்த ஆம்பளை அடுப்படியில் உட்காருவான்? ஈரக் கையுறையைப் பிழிந்து மாட்டிக்கொண்டார்.

"அப்ப வாங்க. ரெண்டு பேரும் எறங்குவோம். மத்தவங்க சூப்பு குடிச்சுட்டு மெதுவா வரட்டும்."

என் கையில் என் பையிலிருந்து எடுத்த உலர்ந்த கையுறை இருந்தது. நல்ல கதகதப்பு. அவருக்குப் பின்னால் போனேன். முதலில் ஒரு கையை உதறினார், பிறகு மறு கையை. கொஞ்ச தூரத்தில் ஒரு கையை அக்குளில் செருகிக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினார். அடுத்த வளைவில் மணிக்கட்டால் பிரேக்கை அழுத்தப் பார்த்தார். அந்த வரிசை எனக்கு அத்துப்படி. பயம் வந்துவிட்டது என்று புரிந்தது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அங்கேயே கத்தி நிறுத்தியிருக்கலாம்.

அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"கொம்பாத்ரே, கை சொன்ன பேச்சு கேக்கல."

வேலியில் இருந்த திறப்பு எனக்குத் தெரியும். இடப்பக்கம் புல்லுக்குள் விடுங்க என்று இரண்டு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் அது எனக்கு எப்படித் தெரியும் என்று பிறகு கேட்பார்கள். முட்டி வலி என்று சந்தையில் கை வைத்துச் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை வாய்விட்டுச் சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது, ரொசால்பா, ஆனால் காரணம் அவ்வளவுதான். சிலுவை வளைவில் அவர் திரும்பவில்லை. மதகின் கல்சுவரில் மோதினார்.

காவல்காரர்கள் ஈரச் சாலை என்று எழுதிக்கொண்டு போனார்கள். உங்கள் வீட்டில் துக்கத்துக்குக் கூடியிருந்தவர்கள் பையில் கையுறை இல்லாமல் இருந்ததைப் பேசினார்கள். நீங்கள் மட்டும் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு, "நான் வச்சேன், சிவப்பு நூலால கட்டி வச்சேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். என் கையையும் பிடித்தீர்கள். அப்போது நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு நினைவு இருக்கும். "களைப்புல மறந்திருப்பீங்க. யாருக்கும் நடக்கறதுதான். உங்கள யாரும் குத்தம் சொல்லல" என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நீங்கள் போட்ட உப்பை நீங்களே நம்பவில்லை.

அதையும் தாங்கிக்கொண்டு இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நேற்று மரியேலா இங்கே வந்து அழுதாள். "'உங்க அப்பாவ நான்தான் கொன்னேன்'னு அம்மா சொல்றாங்க" என்றாள். குழந்தை என் மடியில் தலையை வைத்து அழுகிறது, நான் ஞானத்தந்தை. இரவு உருளைக்கிழங்கு ஒரு வாய் இறங்கவில்லை.

இதோ கையுறை. முடிச்சை அவிழ்க்கவில்லை. பாருங்கள், உங்கள் முடிச்சுதான். மரியேலாவிடம் காட்டுங்கள். யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். நாளை நானே அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகிறேன். ஒரு ஜோடி கையுறைக்கும் ஒரு கிண்டலுக்கும் அவர்களிடம் என்ன தண்டனை இருக்கிறதோ தெரியாது.

இன்னும் ஒன்று பாக்கி. கடைசியில் அவர் என்ன சொன்னார் என்று அன்று கேட்டீர்கள். உங்கள் பெயரைச் சொன்னார் என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னது. அவர் உடனே போகவில்லை, ரொசால்பா. சுவரோரம் கிடந்து என்னைத்தான் கூப்பிட்டார். கொம்பாத்ரே, கொம்பாத்ரே என்று, சத்தம் குறைந்துகொண்டே வந்தது. நான் வந்துகொண்டேதான் இருந்தேன். பச்சை சறுக்கிக்கொண்டு போய் எதிர்ப்பக்கப் புல்லில் கிடந்தது. வழியில் அதை ஒரு நிமிஷம் நிமிர்த்தினேன். முன்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன். கோணவில்லை, சட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதைச் சாய்த்து வைத்துவிட்டு அவரிடம் போனபோது கூப்பிடுவது நின்றிருந்தது.

என்னைத் திட்டுங்கள், அடியுங்கள், பொறுத்துக்கொள்வேன். செய்ததற்கு என்ன வந்தாலும் தகும். ஆனால் சுவரில் சாய்ந்திருக்கும் பச்சையை ஏன் பார்க்கிறீர்கள்? இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் நீங்களாகத்தான் அதைத் தள்ளிக்கொண்டு வந்து, வைத்திருக்க மனசில்லை, நீங்களே ஓட்டுங்கள் என்று கொடுத்தீர்கள். வாரம் தவறாமல் எண்ணெய் போடுகிறேன், கைப்பிடிக்குப் புது நாடா சுற்றியிருக்கிறேன். வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போங்கள், ரொசால்பா. கொடுத்தது கொடுத்ததுதான். பச்சையை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.